எழுத்து வெட்டிய எக்ஸ்ரே

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் ஒரு குழந்தை வைத்தியரின் அறையில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு ஏழு வயது.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில். மொத்தக் கடையொன்றில் மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் அடையாள எழுத்து அடிப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

மகளுக்கு ஓயாத இருமல். சில மாதங்களுக்கு ஒருமுறை காய்ச்சலும் சளியும் நெஞ்சைப் பிடித்துவிடும். முன்பு காட்டிய டொக்டர், மண்ணிலிருந்து கால்வழியே ஏறும் பூச்சி நுரையீரலுக்குள் போனாலும் இப்படி இருமல் வரலாம் என்று பூச்சி மருந்து தந்திருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். செருப்பில்லாமல் மண்ணில் விளையாடித்தான் இந்த இருமல் வருத்தத்தைத் தேடிக்கொண்டாய் என்று பிள்ளையை எத்தனையோ தரம் ஏசினேன். ஒருநாள் கையும் ஓங்கினேன்.

வெள்ளவத்தை டொக்டர் ஓர் அம்மா. புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். எடுக்கவேயில்லை என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுத்தது தானே அப்பா? அதிலதானே நீங்கள் எழுத்து வெட்டினீங்கள்," என்றாள் மகள்.

உண்மைதான். முன்பு காட்டிய டொக்டர் எடுக்கச் சொன்ன படம் அது. எக்ஸ்ரே தாளில் மை ஊறாது. கடைப் பெயரை அதில் வெட்டி, மூட்டையில் வைத்துப் பிரஷ் ஓட்டினால் எழுத்து சுத்தமாக விழும். எங்கள் வேலையில் பலரும் செய்வதுதான். ஆனால் நான் வெட்டியது சொந்தப் பிள்ளையின் நெஞ்சுப் படம்.

டொக்டர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "வெட்டினதெண்டாலும் பரவாயில்லை. கொண்டு வாங்கோ."

மறுநாள் அந்தத் தாளை மண்ணெண்ணெயால் துடைத்துக் கொண்டுபோனேன். நெஞ்சின் குறுக்கே கடைப் பெயர் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளை நிழல் மட்டும் வெட்டுப்படாமல் தப்பியிருந்தது. புதிய படத்திலும் நிழல் அதே இடத்தில்தான். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிறதே என்று டொக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். நுரையீரலின் ஒரு துண்டு பிறவியிலேயே சரியாக வளரவில்லையாம். சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள்.

நான் ஏசியதை மனைவி சொல்லியிருக்க வேண்டும். "பிள்ளை விளையாடினதால வந்ததில்லை, ஐயா," என்றார் டொக்டர், மெதுவாக.

மகள் இப்போது இருமாமல் ஓடுகிறாள். ஆனால் வெளியே இறங்குமுன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒருதரம் என் முகத்தைப் பார்க்கிறாள். அன்று பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பார்வை தரும் வெட்கம்தான் இன்னும் ஆறவில்லை.