அக்கா ஒளிக்காத முடிவு

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலர், அக்கா அப்படி என்னதான் வேலை பார்த்தார் என்று என்னிடம் கேட்டதுண்டு. தம்பி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா சூரியநெல்லியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். அவர் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அக்கா டாக்டரானபோது லயமே கூடி ஜெபித்தது. ஆனால் அவரோ பாலக்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், மாணவர்களுக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் துறையில் சேர்ந்தார். "ஊசி போடாத டாக்டரா?" என்று அம்மாவுக்கு வருத்தம்தான்.

அக்கா உருவாக்கிய பாடங்களில் ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். முதலாண்டு மாணவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கானலில் ஒரு வாரம் தங்கி, லயத்துத் தொழிலாளர்களிடம் அவர்கள் உடல்நிலையைக் கேட்டறிய வேண்டும். நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகுவதே நோக்கம். பல ஆண்டுகள் மன்றாடித்தான் அனுமதி வாங்கினார்.

அதனால் பலன் உண்டா என்று ஆராய, சித்தூர்க்காரரான இளம் ஆசிரியை கவிதாவுக்கு அக்காவே வழிகாட்டினார். லயத்துக்குப் போய்வந்தவர்களும் போகாதவர்களும் நோயாளிகளிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள் என்று முடிவு வந்தது. கவிதா பதறிப்போய் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அன்று நானும் அங்கிருந்தேன்.

"இதை வெளியிட வேண்டாங்க மேடம். உங்க பாடத்தையே எடுத்துப்போடுவாங்க."

அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. அவற்றைத் துடைத்துக்கொண்டு, "நீ கண்டுபிடிச்சது நெசந்தானே? அப்படியே வாசி. நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன்" என்றார். கல்லூரிக் கூட்டத்தில் கவிதா வாசித்தபோது சொன்னபடியே முன் வரிசையில் உட்கார்ந்தார். பாடம் நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்த விடுமுறையில், பாடம் ஏன் பலன் தரவில்லை என்று கேட்க, என்னையும் அழைத்துக்கொண்டு சின்னக்கானலில் வீடு வீடாகப் போனார். கொழுந்து பறிக்கும் செல்லத்தாய் அம்மாதான் காரணத்தைச் சொன்னார்.

"தங்கமான பிள்ளைங்கதான் டாக்டரம்மா. ஆனா கேள்வித் தாளப் பாத்துக் கேக்குதுங்க, நோட்டப் பாத்து எழுதுதுங்க. எம் மூஞ்சிய ஒண்ணுகூடப் பாக்கலியே!"

"அந்தத் தாள எழுதுனதே நாந்தாம்மா" என்று அக்கா சிரித்தேவிட்டார்.

திரும்பியதும் பாடத்தை மாற்றி எழுதினார். தாளும் நோட்டும் கிடையாது. தொழிலாளி சொன்னதை மாணவர் அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "சரிதான்" என்றால்தான் தேர்ச்சி. கல்லூரி மறுபடி அனுமதித்தது. புற்றுநோயோடு படுத்திருந்தபோதும் மாற்றிய பாடம் பற்றிய கவிதாவின் இரண்டாவது ஆய்வுத் திட்டத்தை அக்கா திருத்திக் கொடுத்தார். அந்த ஆய்வின் முடிவை அறிய அவருக்கு ஆயுள் இல்லாமல் போயிற்று.

மருத்துவமனையில் அக்காவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், மழையில் பெட்டியைச் சுமந்து மேடேறிய லயத்து மக்களுக்கும், மகளைப்போல் உடனிருந்த கவிதாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னும் நால்வர் உண்டு. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அக்காவின் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் அம்மாவின் அருகே தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா, அக்கா பிறந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்கு வந்தால், அம்மாவின் அன்பை ஏற்றுக்கொள்ளட்டும்.