படத்தில் ஆளில்லாத எங்கள் சந்து

1. டப்புக்குக் காத்திருந்தவர்கள்

இருட்டறையின் சிவப்பு பல்பு வெளிச்சத்தில், தட்டிலிருந்த போட்டோ காகிதம் மெல்லக் கருத்து வந்தது. முதலில் ஓடு தெரிந்தது, அப்புறம் தூண், அப்புறம் வாசற்படி. இனி ஆட்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒருத்தரைத் தவிர யாரும் வரவில்லை.

திருவொற்றியூரில் நான் குடியிருந்த சந்து அது. ஒரு காலத்தில் உப்பு வியாபாரிகள் கட்டிய பெரிய வீடுகள். எங்கள் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஆறேழு குடும்பம். அன்று காலையில் படம் எடுத்தபோது சந்தே வெளியே திரண்டிருந்தது. என் மாமியார் கல்யாணப் புடவையில் நின்றாள். படத்தில் மிஞ்சியது வாசலில் சாய்ந்து தூங்கிய கன்னியம்மா ஆயா மட்டும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு நாயுடுவின் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. தண்ணீர் பிடிக்கணும், படம் விழுகிற கண்ணாடி பிளேட்டைக் கழுவணும், காமிரா நிற்கிற முக்காலியைத் தூக்கணும். ரெண்டாங்கிளாஸ் படித்த பொட்டைக் கழுதைக்கு அது பெரிய உத்தியோகம். முதலாளியை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

கட்டடம் அடியிலிருந்து உச்சி வரைக்கும் தெளிவாக விழணும் என்று நைனா லென்ஸின் துளையைச் சின்னதாக வைத்திருந்தார். அப்படி வைத்தால் லென்ஸ் மூடியை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். பிளேட்டும் பழைய சரக்கு, மந்தம். அசையாமல் இருப்பது படத்தில் விழும். நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள்.

எங்கள் சந்துக்காரர்களுக்குத் தெரிந்தது கல்யாண போட்டோ. அங்கே வெளிச்சத்துக்காக மருந்துப் பொடியைக் கொளுத்துவோம். டப்பென்று வெளிச்சம் அடித்தால்தான் படம். வெயிலில் மருந்து எதற்கு? நைனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, வேலையை முடித்துவிட்டார். இவர்களோ டப்புக்குக் காத்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, முன்னால் நிற்க இடித்துக்கொண்டு, மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார்கள். முக்காலியை மடக்கும்போது மாமியார் கேட்டாள்: "இன்னாமே, இன்னும் வெடிக்கல?"

2. ஓவர்சியரின் கட்டைவிரல்

படத்தைக் கேட்டது ஒரு கம்பெனி. சந்துக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை வருகிறது; லாரிக்கு ரோடு வேணும். எங்கள் சந்தை இடித்துப் போகலாம், இல்லாவிட்டால் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பைச் சுற்றிப் போகலாம். எஞ்சினியர் டவுனில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து முடிவு சொல்வார்.

கம்பெனி ஓவர்சியர் ஈரம் காயாத படத்தைப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆள் நடமாட்டமே இல்ல. இடிச்சா கேக்கறதுக்கு நாதி கிடையாது. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

என் வீடு அவர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

அவர் போனதும் நைனாவிடம் போனேன். "இன்னொரு தபா எடுக்கணும் நைனா."

"இன்னாத்துக்கு? செங்கல்ல எண்ணிக்கலாம், அப்டி வுய்ந்துகீது."

"செங்கல்லா கண்ணாலத்துக்கு உன்னிய இட்டுகினு போவுது? நாளைக்கு சந்தே காலியாப்பூட்டா, மாப்ள பொண்ணுன்னு யாரு நைனா உன் முன்னால வந்து குந்துவாங்க?"

நைனா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அது யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"லென்சுக்குப் போட்ற மூடிய உன் வாய்க்குப் போடணும்மே. சரி, ஞாயித்துக்கெயம முக்காலிய எடு."

3. முறைப்பு

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இன்று டப் கிடையாது. நைனா கையைத் தூக்கியதிலிருந்து இறக்கும் வரைக்கும் அவரவர் வாசலில் அசையாமல் இருக்கணும். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டாதீங்க என்றேன். அதற்கும் ஆட்டினார்கள்.

பெரிய தொல்லை துலுக்காணம் அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், சும்மா நின்றால் தோள் தானாகவே ஆடும். "அண்ணாத்தே, சவரக்கத்தி தொண்டையில கீதுன்னு நென்ச்சிக்கோ" என்றேன். மனுஷன் எச்சில்கூட விழுங்கவில்லை. பார்த்த ஆம்பிளைகள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பெண்களுக்கு வேறு சொன்னேன். "மடியில புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சி." அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள்.

மாமியார் விடவில்லை. "எனுக்கு இன்னா சொல்ற?"

"மருமவ ஒரு வேலையும் செய்யாம நின்னுகினு கீறா. அப்டியே மொறச்சிகினு இரு."

நைனா கையைத் தூக்கினார்.

படம் கழுவியபோது சந்து நிறைய ஜனம். எல்லாரையும்விடத் தெளிவாக விழுந்தது மாமியாரின் முறைப்புதான். மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டுக்கு மட்டும் தலை இல்லை. கன்னியம்மா ஆயா இந்தத் தடவை விழித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்; கரைந்துபோனாள்.

திங்கட்கிழமை ஓவர்சியர் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது எந்தச் சந்து என்று கேட்டார். ரெண்டும் அதே சந்துதான், அன்றைக்கு அசைந்தார்கள், இன்றைக்கு அசையவில்லை என்றார் நைனா.

"இத்தனை பேரைக் காலி பண்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துடும்யா" என்று சொல்லி ரெண்டையும் எடுத்துப் போனார்.

அப்புறம் எஞ்சினியரே நேரில் வந்தார். மாமியார் அவரையும் முறைத்தாள். ரோடு சவுக்குத் தோப்பைச் சுற்றிப் போனது. இன்றும் அப்படித்தான் போகிறது. அந்த வளைவில் லாரிக்காரன் திட்டிக்கொண்டே திருப்புவது எனக்குக் காதுக்கு இனிமையாக இருக்கும்.

பழைய தெருவைப் படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் வாசலில் ஆளை உட்கார வையுங்கள். மூடியை அப்புறம் கழற்றுங்கள்.

போன மாசம் ரெண்டு பிள்ளைகள் காமிராவோடு வந்தார்கள். பழைய கட்டடம் எடுக்கிறார்களாம். நல்ல மரியாதையான பிள்ளைகள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, வாசல் மறையுது" என்றார்கள்.

உள்ளே போய் உட்காருகிற முக்காலியைக் கொண்டுவந்து நடுவாசலில் போட்டு உட்கார்ந்தேன். இந்தக் காலத்துக் காமிரா கண் சிமிட்டுவதற்குள் எடுத்துவிடுமாம். எடுக்கட்டும். மடியில் பிள்ளை தூங்குகிற மாதிரி அசையாமல் இருந்தேன்.