கிரீம் பிஸ்கட்டும் ஏழு லீவர் பூட்டும்

எங்கள் தெருவில் பூட்டுக்காரரை நம்பாதவர்கள் யாருமில்லை; பூட்டுக்காரர் நம்புகிறவர்களும் யாருமில்லை. முப்பது வருடமாக அடுத்தவர் கதவைத் திறந்துகொடுத்தே பிழைப்பவருக்கு, மூடியிருக்கும் எதைப் பார்த்தாலும் சந்தேகம். வளைந்த கம்பியைப் பூட்டுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எது நகர்கிறது, எது முரண்டு பிடிக்கிறது என்பதை விரல் நுனி சொல்லிவிடும்.

அந்த விரல் நுனிதான் ஒருநாள் பேச்சை நிறுத்தியது. ஒரு பீரோவைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"சர்க்கரை. இப்படியே போனா விரல்ல சுத்தமா உணர்ச்சி இருக்காது. வேற தொழில்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். டாக்டருக்கு வேண்டியவர் யாரோ பூட்டுக்கடை வைக்கப்போகிறார் என்பது இவருடைய முதல் சந்தேகம்.

குற்றவாளி கிரீம் பிஸ்கட். சாப்பாட்டு மேசையில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் டப்பா. ஒரு நாளைக்குப் பதினாறு. விட்டுவிட்டதாக ஐந்து முறை அறிவித்தார். ஆறாவது அறிவிப்பின்போது மீசையில் தூள் இருந்தது.

பிறகு தொழில்முறையில் இறங்கினார். டப்பாவுக்குத் தாழ்ப்பாள் அடித்து, ஏழு லீவர் பூட்டு மாட்டி, சாவியை மனைவியிடம் ஒப்படைத்தார். வேறு எவருக்கும் இது போதும். இவருக்கோ பூட்டு என்பது அழைப்பிதழ். விரல் மரத்திருந்தால் என்ன, தன் கையால் செய்த பூட்டாயிற்றே! மனைவி மாடியில் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் திறந்து, தின்று, பூட்டியாகிவிடும்.

"பூட்டு பூட்டினபடி இருக்கு, பிஸ்கட் குறையுதே?"

"எறும்பா இருக்கும்மா."

"கிரீமை மட்டும் நக்கிட்டு, மறுபடி ஒட்டி வைக்கிற எறும்பா?"

அதன் பிறகு வீட்டில் பொருள்கள் நகர ஆரம்பித்தன. டப்பா மாயம். கேட்காமலே நறுக்கிய வெள்ளரிக்காய் மேசைக்கு வந்தது. டீ கிளாஸ் சுருங்கிப்போனது. பேக்கரி வழியாக வீடு திரும்புகிறவரிடம், "பின்தெரு வழியா வாங்க. தையல் கடையிலேர்ந்து என்னையும் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி. இருபது வருஷமாகத் தையல் வேலை முடிந்து தனியாக வந்தவளுக்கு இப்போது என்ன துணை? வீட்டை விற்கப் பார்க்கிறாளா? நம்மை ஆஸ்பத்திரியில் தள்ளப் பார்க்கிறாளா?

ஞாயிற்றுக்கிழமை பின்தொடர்ந்தார். மனைவி நேரே எதிர்வீட்டுக்குள், தன் அண்ணன் வீட்டுக்குள், நுழைந்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மேசைமேல் அவருடைய டப்பா. பூட்டு இல்லை, மூடிகூட இல்லை. வாசல் கதவும் திறந்தே கிடந்தது.

சதியின் ஆழம் இதில்தான். மச்சானோடு இவர் பேசி ஆறு வருஷம் ஆகிறது. தங்கை புருஷன் கடை கல்லெறி தூரத்தில் இருக்க, மச்சான் தன் வாசலுக்கு வேறு கடைப் பூட்டை வாங்கி மாட்டினார். மன்னிக்கிற குற்றமா அது?

மச்சான் நிமிர்ந்தார். "வாங்க மாப்பிள்ளை. பிஸ்கட்டுதானே? வாயைத் திறந்து கேளுங்க, தர்றேன்."

ஊரில் எதையும் திறப்பவர், தன் வாயை மட்டும் திறக்காமல் திரும்பினார்.

"எனக்கு எதிரா கூட்டுச்சதியா?" என்று வீடு திரும்பிய மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசோட யாரு மல்லுக்கட்டறது? டப்பா லேசா இருந்துச்சு, தூக்கிட்டுப் போனேன்."

முதல் வாரம் தினமும் எதிர்வாசல் வரை போய், மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அதுவும் அலுத்துப்போனது.

ஐந்தாம் மாதம் டாக்டர் இவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளில் ஊசி முனையை வைத்தார். "ஆ!" அடுத்த விரல். "ஐயையோ!" புருஷன் அலறுவதைக் கேட்டு மனைவி வெட்கமே இல்லாமல் சிரித்தாள்.

"உங்க மன உறுதியைப் பாராட்டணும்" என்றார் டாக்டர். பூட்டுக்காரர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லு. பலமா குத்தச் சொல்லி முன்னாடியே அவர்கிட்ட பேசி வச்சியா?"

"வலிக்குதா?"

"பின்னே? பத்து விரலும்!" என்றார், முகமெல்லாம் பல்லாக.