ஜாஜாட்டும் நீலத் திரையும்

இந்தோனேசியாவின் போகோர் நகரில், சந்தைக்குப் பின்னால் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜாஜாட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் தொட்டது திரும்பி வராது" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவான். அந்த வாய்க்கு ஆப்பு வைத்தது இமாஸின் தையல்கூடம்.

இமாஸின் எம்பிராய்டரி மெஷின், பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டரின் சொல்லை மட்டும்தான் கேட்கும். அதன் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கு நானூறு சட்டைச் சின்னங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருட ஆர்டரும் போய்விடும்.

ஜாஜாட் புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினான். அது பேசும் முறை கிழட்டு எக்ஸ்பிக்குப் புரியாது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பழைய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் எக்ஸ்பியை ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை காலை அதைச் சுத்தமாகச் செய்து முடித்தான். ஊசி ஓடியது. இமாஸ் மரவள்ளி வடையும் காப்பியும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே இமாஸிடமிருந்து போன் வந்தது. அந்த ஊரில் அண்ணனுக்குக் காங், அக்காவுக்குத் தெத்தே.

"காங், நீலத் திரை வந்து நிக்குது. மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

போய்ப் பார்த்தால், பயாஸ் தானாகவே புது முறைக்குத் திரும்பிக் கிடந்தது. தேதியும் 2009 என்று காட்டியது.

"யாராச்சும் உள்ள போய் நோண்டினீங்களா, தெத்தே?"

"எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும். அதுக்கு மேல தெரியாது, காங்."

மாற்றினான். தேதியையும் திருத்தினான். செவ்வாய் சாயங்காலம் மறுபடி நீலம். எக்ஸ்பியை அழித்து முதலிலிருந்து ஏற்றினான். புதன்கிழமையும் அதே கதை. டிஸ்கையே மாற்றினான். இரண்டு நாளாகச் சரியாகச் சோறு இறங்கவில்லை, மனைவி பேசினால் எரிந்து விழுந்தான். வடை தருவதை இமாஸும் நிறுத்திவிட்டாள்.

"பேசாம வேற ஆளைக் கூப்பிடட்டுமா, காங்?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனுக்கு நெஞ்சில் தைத்தது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டான். "இன்னைக்கு நான் நகர மாட்டேன். எப்படி மாறுதுன்னு பாத்துடறேன்."

மூன்று மணிக்கு வழக்கம்போல் வானம் உறுமியது. இமாஸ் மெஷினை நிறுத்திக் கம்ப்யூட்டரை அணைத்தாள். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன பண்றீங்க?"

"இடிக்குதுல்ல."

"தினமும் பிடுங்குறீங்களா?"

"தினமும்தான இடிக்குது? நீங்கதான எழுதி ஒட்டிட்டுப் போனீங்க."

சுவரில் அவனுடைய கோணல் கையெழுத்து: புது டிஸ்க். இடி இடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்கவும். ஜாஜாட்.

தவளை தன் வாயால் கெட்டது. கரண்ட் இல்லாதபோது பயாஸின் நினைவைக் காக்கும் பொட்டு பேட்டரி தீர்ந்து போயிருந்தது; பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருக்கிறது. தப்பான தேதியை நாலு தடவை தன் கையாலேயே திருத்தியவனுக்கு அது தோன்றவில்லை. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இமாஸின் நூல் எடை போடும் தராசிலிருந்து அதே மாதிரி பேட்டரியைக் கழற்றி மாட்டினான்.

"நீங்க தொட்டது திரும்பி வராதுன்னீங்களே, காங்?"

"அது எங்க வந்துச்சு, தெத்தே? நான்தான வந்துட்டே இருந்தேன்."

வெள்ளிக்கிழமை தன் கடையைப் பூட்டிவிட்டுத் தையல்கூடத்துக்கு வந்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்து சின்னங்களின் நூல் நுனிகளை வெட்டிக்கொண்டிருந்தான் ஜாஜாட். இன்னும் நூற்றுப்பத்து பாக்கி. மூன்று மணிக்கு வானம் உறுமியது. யாரும் சொல்லாமலே எழுந்து போய், கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினான்.