வினைமுற்று வருவதற்குள் போன ஆட்டோ

ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் பகுதியின் சுகாதார ஆய்வாளர் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாக நோய்த்தொற்று அறிவிப்பு செய்யப் போகிறார்களாம். அதற்கு ஒரு நல்ல குரல் வேண்டுமாம்.

"மேடம், நீங்க தமிழாசிரியை. உங்க உச்சரிப்பு எங்களுக்கு வராது" என்றார்.

இருபத்தாறு வருடமாகப் பெண்கள் பள்ளியில் ழகரம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது போதாதா? முகக்கவசத்துக்குள் என் முகம் மலர்ந்ததை அவர் பார்த்திருக்க முடியாது. உள்ளே உட்கார்ந்திருந்த என் கணவர் பார்க்காமலே தெரிந்துகொண்டார். அவர் வாலாஜாபாத் போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். பஸ் ஓடாததால் வீட்டில் இருந்தார். வேறு பயணிகள் இல்லாததால் என்னையே கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அன்று மதியமே எழுதினேன். ஐந்து முறை அடித்துத் திருத்தினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க செல்பேசியில் பதிவு செய்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது: "காய்ச்சல், இருமல், தொண்டைவலி முதலிய அறிகுறிகள் தென்படுமாயின், மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உட்கொண்டு, வீட்டிலேயே அமைதியாக இருந்துவிடுதல் அறவே கூடாது."

'தென்படுமாயின்' என்ற சொல்லை இரண்டு முறை தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆய்வாளரும் கேட்டுவிட்டு, "ரேடியோ மாதிரியே இருக்குது மேடம்" என்றார்.

மறுநாள் முதல் என் குரல் ஊரைச் சுற்றியது. கோயில் மணி இல்லை, பஸ் சத்தம் இல்லை. வீட்டுக்கு வீடு ஓடும் தறிச் சத்தத்துக்கு நடுவே நான் மட்டும்தான். ஆட்டோ வரும் நேரம் பார்த்து வாசலில் கோலத்தைச் சரிசெய்வதுபோல் நிற்பேன். "வீட்லயும் நீதான், ரோட்லயும் நீதான். நான் எங்க போறது?" என்றார் கணவர்.

ஒரு வாரம் இப்படிப் பெருமையில் போனது. அதன்பின் ஒரு காலை தள்ளுவண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நெசவாளர் வீட்டு அம்மா பக்கத்தில் வந்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தாம்மா நாலு நாளா காய்ச்சல். தறியில உக்கார முடியாம படுத்துக்கினு இருக்காரு."

"காய்ச்சல் முகாமுக்குக் கூட்டிக்கினு போனீங்களா?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "நீங்கதானேம்மா சொன்னீங்க? மாத்திரை வாங்கிப் போட்டுக்கினு வீட்லயே அமைதியா இருன்னு. டீச்சரே சொல்லிட்டாங்கன்னு தைரியமா இருக்கோம்."

கையில் இருந்த கத்தரிக்காயை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. "அப்படிச் சொல்லலம்மா. கூடாதுன்னு சொன்னேன்" என்றேன்.

"ஆட்டோ போய்க்கினே இருக்குது, இந்தப் பக்கம் தறி ஓடிக்கினு இருக்குது. கேட்டது அவ்ளோதாம்மா."

முதலில் அவரையும் அவர் கணவரையும் முகாமுக்கு அனுப்பிவைத்தேன். பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து, அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூச்சுத்திணறல் இன்னும் தொடங்கவில்லை, நல்லவேளை என்று அங்கே சொன்னார்களாம். இன்னும் எத்தனை வீடுகளில் என் சொல்படி அமைதியாக இருக்கிறார்களோ?

ஆய்வாளருக்குப் போன் செய்தேன். "மேடம், நீங்க சரியாத்தான் பேசியிருக்கீங்க. நானே ரெண்டு தடவை கேட்டேனே" என்றார்.

"நீங்க நாற்காலியில உட்கார்ந்து கேட்டீங்க சார். அவங்க தறியில உட்கார்ந்து கேட்டாங்க."

மாலையில் ஆட்டோ வந்தபோது கணவரோடு வாசலில் நின்று கேட்டேன். எழுதியவளாக இல்லாமல், கேட்பவளாக. 'வீட்டிலேயே அமைதியாக இரு' என்பது வரை கணீரென்று வந்தது. அதற்குள் ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டது. என்னுடைய 'அறவே கூடாது' அடுத்த தெருவுக்குப் போய், அங்கே யாருக்கும் எதுவும் புரியாதபடி தனியாக விழுந்தது.

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் ஸ்டாண்டுல நின்னு, 'வாலாஜாபாத் செல்ல விரும்பும் பயணிகள் தென்படுவார்களாயின்'னா கத்துவேன்? 'வாலாஜாபாத், வாலாஜாபாத்!' அவ்ளோதான். பஸ்ஸு நகர்றதுக்குள்ள ஊரு பேரு காதுல விழுந்திடணும்."

"தமிழில் வினைமுற்று கடைசியில்தாங்க வரும்."

"வரட்டும். அந்தக் கடைசிய கொஞ்சம் கிட்ட கொண்டாந்து வை. அப்புறம், செய்யாதேன்னு எதுக்குச் சொல்ற? செய்யுன்னு சொல்லு. பாதி விழுந்தாலும் தப்பாவாது."

அன்று புதிதாக எழுதினோம். "காய்ச்சலா? முகாமுக்கு வாங்க. இன்னைக்கே வாங்க." அடுத்தது, "வெளியே போறீங்களா? மூக்கையும் வாயையும் மூடுங்க." எல்லாம் அந்த அளவில்தான். 'வாங்க' என்று விடைத்தாளில் எழுதிய பெண்களுக்கெல்லாம் சிவப்பு மையில் 'வாருங்கள்' என்று திருத்தம் போட்டவள் நான். வாய் வரவே மாட்டேன் என்றது. பதிவில் 'வாங்க' என்ற இடத்தில் நான் தயங்குவது, கேட்பவரைக் கூப்பிட மனமில்லாததுபோல் இருந்தது. பன்னிரண்டாவது முறைதான் கூப்பிடும் குரல் வந்தது.

ஆய்வாளருக்குப் புதியது பிடித்திருந்தது. ஆனால் நான் முதலில் சேர்த்திருந்த இரண்டு வரி அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வரிகள் இவை: "போன வாரம் நான் பேசினது நிறைய பேருக்குத் தப்பா கேட்டிருக்குது. அது என் தப்பு, இப்போ திருத்திச் சொல்றேன்."

"எதுக்கு மேடம் இது? பழசை நிறுத்திட்டுப் புதுசைப் போட்டுடலாம். நாமளே தப்புன்னு சொன்னா ஜனங்க நம்புவாங்களா?"

"சொல்லாவிட்டால் பழையதைக் கேட்டவர்கள் பழையதையே நம்பிக்கொண்டிருப்பார்களே, சார்" என்று பதற்றத்தில் மேடைத் தமிழிலேயே பேசிவிட்டேன். கடைசியில் அவர், "சரி, ஆட்டோவை ஒவ்வொரு முனையிலும் ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் நான் வாசலுக்கு வரவில்லை. கதவை ஒருக்களித்து உள்ளேயே நின்றேன். 'அது என் தப்பு' என்று என் குரல் தெருவில் ஒலித்தது. எதிர் வீட்டுத் தறி நின்றது. அடுத்ததும் நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. எங்கோ ஒரு மாடியிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கத்தினாள்: "அம்மா, இங்க வா! எங்க தமிழ் மிஸ்ஸு தப்புப் பண்ணிட்டாங்களாம்!"

அவ்வளவு ஆனந்தத்தை அந்தத் தெரு பல வாரங்களாகப் பார்த்ததில்லை. டீச்சர் தப்புப் பண்ணிய செய்தி போனில் பறந்தது. இன்ன தப்பு என்று சொன்னால்தானே கதை சுவைக்கும்? அதனால் சரியான தகவலும் கூடவே போனது. ஓரிக்கையில் இருக்கும் என் நாத்தனார் சாயங்காலமே கூப்பிட்டாள். எங்கள் ஆட்டோ அந்தப் பக்கம் போனதே இல்லை.

"அண்ணி, ஏதோ தப்பாப் பேசிட்டீங்களாமே? காய்ச்சல்னா அன்னைக்கே முகாமுக்குப் போவணுமாமே?"

"ஆமாம்மா, நீயும் நாலு பேருகிட்ட சொல்லு" என்றேன்.

"ஊரு முழுக்கச் சொல்லிட்டேன் அண்ணி" என்றாள். குரலில் தெரிந்த உற்சாகம் முழுவதும் பொதுநலத்தில் வந்தது என்று சொல்ல முடியாது.

அந்த வாரம் முகாமில் கூட்டம் கூடியதாக ஆய்வாளர் சொன்னார். நெசவாளரும் நலமாகி வீடு திரும்பினார். சில நாள் கழித்து, அவர் வீட்டு வாசலில் தள்ளி நின்றபடி விசாரித்தேன்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. வாசனைதான் தெரியல. எப்போ வரும்?"

'சீக்கிரம் வந்துவிடும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைக் கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றேன். மறுநாள் போய்ச் சொன்னேன்: பல பேருக்குச் சில வாரத்தில் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், திரும்பாவிட்டால் மறுபடி வந்து காட்டச் சொன்னார் என்று.

வாசனை திரும்பிய செய்தியை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார்.

"வந்திடுச்சும்மா. சாம்பார்ல பெருங்காயம் தூக்கலா இருக்குதுன்னு காலையில இருந்து கத்திக்கினு இருக்காரு. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கலாம் அந்த மூக்குக்கு."