சுவரில் இரு நிறத் திட்டுகள்

மூச்சுத் திணறலால் மதுரையில் மகள் வீட்டில் தங்கியிருந்த என் மனைவி திரும்புவதற்குள், ஈரம் பாய்ந்து கறுத்த அவளது அறைக்கு வண்ணம் பூசிவிட எண்ணினேன். கொடைக்கானல் வீட்டின் நிறங்களை என்றும் அவளே தேர்ந்தெடுப்பாள். ஆகவே அவளுக்குப் படமெடுத்து அனுப்புவதற்காக, வண்ணம் பூசுபவர் வெளிர்சந்தனத்தையும் மணல் நிறத்தையும் சுவரில் அருகருகே தீற்றிக் காட்டினார். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின.

“மேகம் எறங்கிக் கெடக்கு சார். இந்த வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தேன் தெரியும். வெயில் அடிக்கட்டும், பாத்துச் சொல்லுங்க” என்று வேறு சோலிக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் இவ்வூரில் கதிரவன் வரும்வரை எவரும் நிறத்தை முடிவுசெய்வதில்லை.

நாள்தோறும் அச்சுவரின் எதிரே அமர்ந்து காத்திருந்தேன். ஒரு முற்பகலில் சன்னல் வழியே வெயில் விழுந்தது. ஒன்றில் இளமஞ்சள் சாயல் இருந்தது. மற்றதில் சாம்பல் கலந்திருந்தது. விரைந்து படமெடுத்து அனுப்பிவிட்டு அவளை அழைத்தேன்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குப் பிடிச்சத அடிச்சுக்கோங்க” என்றாள்.

“உன் அறையாச்சே, நீ சொல்லு.”

சற்று இருமினாள். “அந்தக் குளுருக்கு நான் இனிமே வரலைங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தேன்.”

சுவரை நோக்கித் திரும்பினேன். மேகம் மீண்டும் இறங்கியிருந்தது. சுவரில் எந்தத் திட்டு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.