அரிசிக்குள் புதைத்த ஜாடி

ராக்கப்பன் கயிறு கட்டியிருந்தார். ராஜபாளையத்துப் பக்கம் குடிக்கிற ஆளின் மணிக்கட்டில் திடீரென்று ஒரு மஞ்சள் கயிறு தெரிந்தால் யாரும் விவரம் கேட்பதில்லை. முனியசாமி கோயிலில் சத்தியம் செய்து கட்டிக்கொண்டது. ஆடியிலிருந்து அடுத்த ஆடி வரைக்கும் தொட மாட்டார் என்று அர்த்தம். நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. கயிறு கட்டியதிலிருந்து ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார்.

வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மனைவி செல்லக்கனி சொம்பில் தண்ணீர் கொண்டுபோவாள். கொடுக்கிற சாக்கில் அவர் மூச்சை மோந்து பார்ப்பாள். அது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. குடித்தால் வாசம் வரும். குடிக்காததற்கென்று தனியாக ஒரு வாசம் இல்லை. அதனால் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அன்றன்றைக்கு மட்டும் செல்லுகிற நிம்மதி.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா வீட்டில் சமையல் செய்தாள். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் ஐஸ்கிரீம் அவள் கைவேலை. முட்டை மஞ்சள் கருவும் சீனியும் அடித்து, காய்ச்சிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியின் முதுகில் படிகிற வரை சிறு தீயில் கிண்டும் கஸ்டர்ட். அதில், வாரக்கணக்காய்ப் பிராந்தியில் ஊறிய திராட்சை, பேரீச்சை, அத்தி.

தொண்ணூற்று மூன்றாம் வருசம் நவம்பர் கடைசியில் டாக்டரம்மா அந்தப் பழங்களையும் ஒரு பிராந்தி பாட்டிலையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

"இந்தத் தடவ உன் வீட்டுலயே ஊறப்போட்டுக் கொண்டு வந்துரு செல்லக்கனி. மாமா வந்திருக்காங்க. ரிட்டயர்டு பாஸ்டர். பாட்டில் கண்ணுல பட்டுச்சுன்னா பண்டிகை முடியற வரைக்கும் பிரசங்கம்தான்."

"ஐஸ்கிரீம்ல கெடந்தா மட்டும் தெரியாதாம்மா?"

"அதப் பழம்னு சாப்பிட்டுருவாங்க."

என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் என்று செல்லக்கனியால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருசம் மறைத்ததை ஒரு பையைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் சொல்வதா? வாங்கிக்கொண்டாள்.

ஊறுகாய் ஜாடியில் பழத்தைப் போட்டு, பாட்டிலை முழுக்க ஊற்றி, துணியால் வாய் கட்டி, அரிசி டிரம்மின் அடியில் புதைத்தாள். ஆண்கள் கை வைக்காத இடம் அது என்பது அவள் கணக்கு. திறந்தால் வாசம் கிளம்பும் என்று திறக்கவே இல்லை. அரிசி அளக்கும்போதெல்லாம் கையை விட்டுத் துணி முடிச்சை மட்டும் தடவிப் பார்ப்பாள். முடிச்சு இருந்தது. மனசு ஆறவில்லை. முடிச்சு என்பது போட்டவரும் அவிழ்க்கலாம், அவிழ்த்தவரும் போடலாம்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் கூப்பாடு போட்டாள்.

"ஏட்டி செல்லக்கனி, எஞ்சேவலப் பாரேன்! நாலு எட்டு வைக்குது, பொத்துன்னு விழுது. கோழிச்சீக்குதான். சாகுறதுக்குள்ள அறுத்துருதேன்."

அறுத்தாள். பொழுது சாய ஒரு கிண்ணத்தில் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். கோழிக்குழம்பென்றால் சட்டியை வழிக்கிற ராக்கப்பன் அன்றைக்குக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வேண்டாம். ரசம் ஊத்து."

"ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. ரசம் ஊத்துன்னேன்ல."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் வெளியில் குடித்துவிட்டு வருகிற நாளில்தான் இப்படிச் சோற்றைப் பார்த்தே பேசுவார். மூச்சில் வாசம் இல்லை. இருந்தும் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

பண்டிகை நாள் காலையில் ஜாடியோடு பஸ் ஏறினாள். டாக்டரம்மா வீட்டில் கஸ்டர்டை ஆறவைத்து, லேசாகப் பிராந்தி வாசம் அடித்த பழத்தையும் அது ஊறிய சாற்றையும் கலந்து தகர டப்பாவில் ஊற்றி, மர வாளிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸ்கட்டியும் கல்லுப்பும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். மற்ற வருசங்களில் கை கழன்று போகும். பிராந்தி விழுந்த கலவை லேசில் இறுகாது. உப்பை அள்ளி அள்ளிப் போட்டாலும் கடைசியில் தளதளவென்றுதான் இருக்கும். இந்த வருசம் கொஞ்ச நேரத்திலேயே கைப்பிடி நின்றுவிட்டது.

"பரவாயில்லையே, அதுக்குள்ள இறுகிருச்சே!" என்றார் டாக்டரம்மா.

செல்லக்கனி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். திராட்சை பல்லில் கல்லாகக் கடிபட்டது. பிராந்தியில் ஊறிய பழம் எத்தனை குளிரிலும் மெத்தென்றிருக்கும். இது தண்ணீரில் ஊறிய பழம். அப்படியானால் பிராந்தி எங்கே போனது?

பாஸ்டர் ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டாக்டரம்மா மிச்சத்தை ஒரு தூக்குவாளியில் போட்டு அவளிடமே கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் மடியில் வாளி உருகிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணத்தில் சம்பந்திகள் பார்க்கப் பந்தலிலேயே அவர் விழுந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. இப்போது சத்தியத்தையும் மீறியாயிற்று. அந்த ஜாடியை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? அவள்தான்.

ராக்கப்பன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவள் தண்ணீர் கொண்டுவரப் போகவில்லை.

"ஜாடியில இருந்தது எங்க?"

அவர் நிமிரவில்லை. "ஊத்திட்டேன்."

"வாய்லயா?"

"சாக்கடையில. பழத்த ரெண்டு தண்ணி அலசி, பால் விடாத டீத்தண்ணிய ஊத்தி வச்சேன்."

அவள் தூக்குவாளியைப் படியில் இறக்கி வைத்தாள்.

"ஏட்டி, நீ அதக் கொண்டுபோயி அரிசிக்குள்ள வச்சிட்ட. அரிசி பூரா அந்த வாசம். சோத்துல கைய வச்சாலே வருது. மூணு வேளையும் நீயே ஊத்திக் குடுக்க மாதிரி இருந்துச்சு. எம்புட்டு நாளைக்குத் தாங்குவான் மனுசன்?"

அவள் உள்ளே போய் டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளி மோந்தாள். இருந்தது. தினமும் அதிலேயே புழங்கிய மூக்குக்குப் பிடிபடாமல் போன வாசம்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்புவியாக்கும்? தெனம் மோந்து பாக்குறவ."

அவள் டிரம்மை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள். "சாக்கடையில ஊத்துனத யாரு கண்டா?"

"சுடலையம்மா சேவல் கண்டுச்சு."

அவளுக்குப் புரியவில்லை.

"ஊத்துறப்ப கொஞ்சம் திராட்ச விழுந்துச்சு. ஒண்ணு விடாமப் பொறுக்கித் தின்னுட்டுத்தான் அந்த ஆட்டம் ஆடுச்சு. சீக்கும் இல்ல, கீக்கும் இல்ல. பிராந்தி ஏறுன சேவலக் கயிறு கட்டுனவன் திங்கலாமா? அதான் ரசம் கேட்டேன். நீதான் கிண்ணத்த நக்குன."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஆடி வெகு தூரத்தில் இருந்தது. நாளைக்கும் செருப்புச் சத்தம் கேட்கும். நாளைக்கும் மூக்கு தானாக முன்னால் போகும்.

ராக்கப்பன் தூக்குவாளியை எட்டிப் பார்த்தார். "உருகிருச்சே. அதுல கெடக்கது அந்தப் பழமா?"

"ஆமா."

"அலசுனதுதான். இருந்தாலும் பொறுக்கிட்டுக் குடு."

அவள் கைவிரலால் ஒவ்வொரு திராட்சையாகத் தேடி எடுத்தாள். மஞ்சள் பாலை டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். உள்ளங்கையில் சேர்ந்த பழத்தை எறியக் கொல்லைப் பக்கம் நடந்தபோது அவர் குரல் கேட்டது.

"சாக்கடைப் பக்கம் போடாத. அவகிட்ட இன்னும் கோழி இருக்கு."